ஃப்ரிட்ஜுக்குள் வீட்டுச் சாவி

அவளைத் தெரிந்தவர்கள் எல்லாரும் 'காது' என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். அவள் அதைப் பட்டம் கிடைத்த மாதிரி வாங்கிக்கொண்டாள். படம் எடுக்கும் இடங்களில் ஒலிப்பதிவு செய்வது அவள் பிழைப்பு. பெரிய திரையில் பெயர் வருகிற வேலை ஒன்றும் இல்லை. ஓய்வு பெறும் மேலாளருக்கு ஊழியர்கள் சேர்ந்து எடுக்கிற வாழ்த்துப் படம், புதுக் குடியிருப்புக்கு விளம்பரம், பல் தேய்ப்பது எப்படி என்று மருத்துவர் சொல்லிக்கொடுக்கிற காணொளி, இப்படி வருவதைத் தட்டாமல் செய்கிறாள்.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பேட்டி எடுக்கப் போன இடத்தில் ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தால், உரியவரிடம் கேட்டு அதை அணைப்பாள். அணைத்த கையோடு தன் வீட்டுச் சாவியை ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அதே ஃப்ரிட்ஜுக்குள் வைத்து மூடுவாள். பார்க்கிறவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். "ஏம்மா, வெளிய வச்சா சாவி கெட்டுப்போயிடுமா?" என்று அந்தப் பல் மருத்துவர் கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சாவி இல்லாமல் வீட்டுக்குள் போக முடியாது. சாவியை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளே இருட்டாக இருக்கும், இருட்டைப் பார்த்ததும் அணைத்தது ஞாபகம் வந்துவிடும். விஷயம் இவ்வளவுதான். இந்த இவ்வளவைக் கற்றுக்கொள்ள அவளுக்கு ஒரு கல்யாண கேக் தேவைப்பட்டது, அதுவும் இன்னொருத்தர் செய்த கேக்.

அவள் பிறந்து வளர்ந்த வீட்டில் யாரும் மெதுவாகப் பேசியதே இல்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் அறைகளிலேயே கிடந்து அவருக்குக் கேட்கும் திறன் பாதிக்கு மேல் போய்விட்டது. அவருக்குக் கேட்க வேண்டும் என்று அம்மா கத்துவாள், அம்மா கத்துகிறாளே என்று தம்பி கத்துவான், டிவியும் தன் பங்குக்குக் கத்தும். தெருவில் போகிறவர்கள் ஏதோ பெரிய சண்டை என்று ஆவலோடு நின்று, உப்பு டப்பா எங்கே என்பதுதான் பேச்சு என்று தெரிந்ததும் ஏமாந்துபோய் நடையைக் கட்டுவார்கள். அந்த வீட்டில் அமைதி என்பது எல்லாரும் தூங்கிய பிறகு கிடைக்கும் பண்டம். அதற்கும் அப்பாவின் குறட்டை விடாது.

அப்பாவின் வேலையில் ஒரு கண்டிப்பான ஒழுங்கு இருந்தது. பழுது பார்க்க மின்சாரத்தை அணைத்தால் அந்தப் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவர் உள்ளே இருக்கும்போது வேறு எவனும் வந்து சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது. ஒருமுறை வேலை முடிந்தும் பூட்டைத் திறக்க மறந்து, சாவியோடு வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். ஒரு பெரிய அலுவலகமே அன்றைக்கு மூச்சிரைக்கப் படியேறியது. அதிலிருந்து அவர் வாசலில் கால் வைத்ததும் அம்மா, "பாக்கெட்டத் தொட்டுப் பாருங்க!" என்று தெரு முனைவரை கேட்கிற மாதிரி கத்துவாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். காதும் சிரித்தவள்தான்.

பள்ளி முடிந்ததும், படம் எடுப்பதைச் சொல்லித்தரும் கல்லூரிப் படிப்பில் சேர்ந்தாள். எல்லாரும் கேமராவுக்கு முண்டியடித்தபோது அவள் மட்டும் மூலையில் கிடந்த ஹெட்போனை எடுத்து மாட்டினாள். வெளியுலகம் அப்படியே அடங்கியது. மாட்டியதைக் கழற்ற மனமே இல்லை. மூச்சுக்கும் பெருமூச்சுக்கும் வித்தியாசம் கேட்கிறது என்றால் சும்மாவா? கொஞ்ச நாளில் அவளுக்குச் சுத்தமான ஒலி என்பது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. பின்னால் ஒரு மின்விசிறி சுற்றினால்கூட முகம் சுளிப்பாள்.

கடைசி வருடத்தில் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும். படம் இல்லையென்றால் தேர்ச்சி இல்லை. ஆசிரியை யாரோடு யார் என்று தானே பிரித்துவிட்டார். காதுக்கு வாய்த்தவர்கள் இரண்டு பேர். ஒருவன் 'டைரக்டர்'. அவனை யாரும் நியமிக்கவில்லை. முதல் நாள் ஒரு தொப்பி போட்டுக்கொண்டு வந்தான், அதோடு பதவியேற்பு முடிந்துவிட்டது. இன்னொருவன் 'நெட்டை'. கேமரா அவன் கையில். ஒரு நாளைக்கு அவன் பேசுகிற வார்த்தைகளை ஒரு தபால் தலையின் பின்பக்கம் எழுதிவிடலாம்.

யாரைப் படம் எடுப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, காதுதான் கேக் அக்காவைக் கண்டுபிடித்தாள். அவள் போகிற பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு வீட்டிலிருந்து எப்போதும் முட்டையும் வெண்ணெயும் வேகிற வாசனை வரும். அக்கா பல வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டினவள். ஒரு நாள் மேற்பார்வையாளர் ஏதோ சொல்லப்போக, ஏப்ரனைக் கழற்றி அவர் மேசையிலேயே மடித்து வைத்துவிட்டு வந்துவிட்டாளாம். வீட்டிலேயே கேக் செய்து விற்கத் தொடங்கினாள். கணவர் லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கும் நாளைவிட இல்லாத நாள் அதிகம். வாசலை ஒட்டிய அறையில், மூடிவிட்ட ஒரு கடையிலிருந்து வாங்கின கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜ் ஒன்று நின்றது. அது ஓடும்போது அதன் மேல் வைத்த டம்ளர் தானாக நகரும்.

"என்னை எதுக்குப் படம் எடுக்கறீங்க? நான் என்ன சாதிச்சுட்டேன்?" என்று அக்கா முதலில் தட்டிக்கழித்தாள். அப்புறம் அவளே, "இந்த வாரம் வந்தீங்கன்னா பாக்கலாம். கல்யாண வரவேற்புக்குப் பெரிய கேக் கேட்டிருக்காங்க, மண்டபத்துக்காரங்களே. நல்லா இருந்தா இனிமே எல்லா கல்யாணத்துக்கும் எங்கிட்டயே குடுக்கறதாச் சொன்னாங்க" என்றாள். சொல்லும்போது குரலில் ஒரு நடுக்கம் வந்து போனது. ஹெட்போன் இல்லாமலே காதுக்கு அது கேட்டது.

வரவேற்புக்கு முந்தின நாள் மதியம் பேட்டி. மூன்று அடுக்கு கேக் தயாராகி ஃப்ரிட்ஜுக்குள் நின்றது. வெள்ளை க்ரீம், ஓரமெல்லாம் சர்க்கரையில் செய்த சின்னச் சின்னப் பூக்கள். நெட்டை அதைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தான். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து பேசத் தொடங்கியதும் காது கையை உயர்த்தினாள்.

"அக்கா, அந்த ஃப்ரிட்ஜ கொஞ்ச நேரம் நிறுத்திக்கலாமா? உங்க குரல அது முழுங்குது."

"நிறுத்திக்கோ. ஆனா உள்ள இருக்கறது கேக் இல்ல, என் மானம். பாத்துக்கோ."

நெட்டை தன் நீளக் கையை ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் விட்டு ப்ளக்கைப் பிடுங்கினான். உறுமல் நின்றது. அக்காவின் குரல் தெளிவாக வந்து ஹெட்போனில் விழுந்தபோது காதுக்கு உடம்பே சிலிர்த்தது. ஏப்ரன் மடித்த கதை, முதல் கேக் கருகின கதை எல்லாம் வந்தது. பேசி முடித்ததும் அக்கா பரபரவென்று எழுந்தாள். மண்டபத்துக்குப் போய் கேக் வைக்கிற மேசையைப் பார்க்க வேண்டும், இரவு பக்கத்திலேயே தங்கை வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் வண்டியோடு வருவதாக ஏற்பாடு.

"கதவப் பூட்டி சாவிய எதிர் வீட்ல குடுத்துடுங்க. போறப்ப ஃப்ரிட்ஜப் போட்டுடுவீங்கல்ல?"

"நான் பாத்துக்கறேன்க்கா. போட்டுடறேன்" என்றாள் காது.

சொன்னவள் செய்திருக்க வேண்டியதுதானே? இங்கேதான் அவள் பைத்தியம் குறுக்கே வந்தது. ஒலிப்பதிவு செய்கிறவர்கள், பேச்சு எல்லாம் முடிந்த பிறகு, யாரும் பேசாத அந்த அறையின் அமைதியையும் தனியாக ஒரு நிமிடம் பதிந்து வைத்துக்கொள்வார்கள். பிறகு பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும். காது மற்ற இருவரையும் அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு அந்த அமைதியைப் பதிந்தாள். அப்படி ஓர் அமைதியை அவள் வாழ்நாளில் கேட்டதில்லை. தெருவே தூங்கிக்கொண்டிருந்த மதியம் அது. கத்த ஒரு ஜீவன் இல்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு அதிலேயே கரைந்துவிட்டாள். கண்ணைத் திறந்தபோது டைரக்டரும் நெட்டையும் நாளைக்குக் கேமரா தோளிலா ஸ்டாண்டிலா என்று முட்டிக்கொண்டிருந்தார்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது. வயர்களைச் சுருட்டி, பைகளைத் தூக்கி, கதவைப் பூட்டி, சாவியை எதிர் வீட்டில் கொடுத்து, ஓடினார்கள்.

மறுநாள் காலை, கேக்கை வண்டியில் ஏற்றுவதைப் படம் எடுக்க மூவரும் உற்சாகமாக வந்தார்கள். கதவு திறந்து கிடந்தது. அக்கா ஃப்ரிட்ஜுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். மேல் அடுக்கு சரிந்து கண்ணாடியில் சாய்ந்திருந்தது. க்ரீம் உருகி வழிந்து, சர்க்கரைப் பூக்கள் அடியில் ஒரு குட்டையில் கிடந்தன. புளித்த வாடை வாசல்வரை வந்தது.

"நின்னு போச்சு" என்றாள் அக்கா. "ராத்திரி பூரா நின்னுருக்கு."

காது முந்தின நாளை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். போட்டேனா? போடவில்லையா? எவ்வளவு யோசித்தும் ப்ளக்கைத் தொட்ட ஞாபகம் வரவில்லை. நெட்டை போட்டிருப்பான் என்று நெட்டையைப் பார்த்தாள். அவன் டைரக்டரைப் பார்த்தான். டைரக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தான்.

"நாங்க போட்டுட்டுத்தான்க்கா போனோம். சத்தியமா. பழைய ஃப்ரிட்ஜ் இல்ல? அதிர்ந்து அதிர்ந்து ப்ளக் தானா கழண்டு விழுந்திருக்கும்."

அக்கா எட்டிப் பார்த்தாள். ப்ளக் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. நம்பிவிட்டாள். அந்த ஃப்ரிட்ஜ் ஆடுகிற ஆட்டம் அவளுக்குத் தெரியாததா?

டைரக்டர் நெட்டையின் பக்கம் சாய்ந்து, "கேமராவ ஆன் பண்ணு, இதான்டா படம்" என்று கிசுகிசுத்தான். நெட்டை லென்ஸுக்கு மூடியைப் போட்டான். அந்த மூடி 'டக்'கென்று விழுந்த சத்தத்தில் அக்கா திரும்பினாள்.

"போங்க. படமும் வேணாம், ஒண்ணும் வேணாம். எல்லாரும் போங்க."

மண்டபத்துக்காரர்கள் வேறு கடையில் கேக் வாங்கிக்கொண்டார்கள். அக்காவுக்கு அந்த மண்டபத்துக் கதவு மூடியது மூடியதுதான், பிறகும் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் காது கல்லூரியில் ஒலி கேட்கிற சின்ன அறையில் தனியாக உட்கார்ந்து அன்றைய பதிவைப் போட்டாள். அக்கா கேட்கிறாள்: போட்டுடுவீங்கல்ல? அவள் சொல்கிறாள்: நான் பாத்துக்கறேன்க்கா. பிறகு அந்த அற்புதமான அமைதி. அதற்குப் பிறகு அவள் பதிவுக் கருவியை நிறுத்தவே இல்லை, அவசரத்தில் அப்படியே பையில் போட்டிருக்கிறாள். இரண்டு பேரும் சண்டை போடுகிறார்கள், பை மூடுகிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம், சாவி திரும்புகிற சத்தம். அதுவரைக்கும் ஓர் உறுமல்கூட இல்லை. அவள் அதை மறுபடியும் கேட்டாள். மறுபடியும் கேட்டால் மட்டும் ஃப்ரிட்ஜ் ஓடிவிடப் போகிறதா?

லிஃப்ட் மெக்கானிக் பெண்ணுக்கு சுவிட்ச் மறந்துவிட்டது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதாள்.

மற்ற இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் போட்டுக்காட்டினாள். டைரக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "சரி, அந்தக் கடைசிப் பகுதிய அழிச்சுடு" என்றான்.

"அழிச்சுட்டு?"

"அந்த அக்கா இனிமே கதவத் தொறக்கப் போறதில்ல. நாம வேற படம் எடுப்போம். பஸ் ஸ்டாண்டுப் பூனைங்க. எனக்கு ஐடியா கூட இருக்கு. பூனைங்க யார்கிட்டயும் புகார் குடுக்காது."

"நான் அக்கா வீட்டுக்குப் போறேன்."

"போய்?"

"உண்மையச் சொல்லப் போறேன்."

"உனக்குக் கிறுக்கா? அவங்க காலேஜுக்கு வந்து கத்தினா மூணு பேரும் ஃபெயில். உன்னால எல்லாரும் மாட்டணுமா? இது டீம்."

"டீம்தான். அதான் அன்னிக்கு நீ போடுவன்னு நான், நான் போடுவேன்னு நீன்னு எல்லாரும் வந்துட்டோம். சொன்னது நான். பொய்ய உங்கிட்டயே விட்டுட்டு நல்லவ மாதிரி நின்னதும் நான்தான்."

நெட்டை இத்தனை நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "பிடுங்கினது நான்" என்றான். அன்றைய தினத்துக்கு அவன் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் காதுக்கு அது போதுமாக இருந்தது.

அவள் போனபோது அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள். அந்தப் பாதி வழியாகவே காதுக்கு எல்லாம் தெரிந்தது. ப்ளக்கை நைலான் கயிற்றால் வரிந்து கட்டி, சுவரில் ஓர் ஆணி அடித்து அதோடு முடிச்சுப் போட்டிருந்தாள். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி, அதன் மேல் அலாரம் கடிகாரம். உள்ளே தட்டுகள் எல்லாம் காலி.

"என்ன பாக்கற? அடிக்கடி எழுந்து தொட்டுப் பாக்கறேன், ஓடுதான்னு. க்ரீம் ஆர்டர் ஒண்ணும் எடுக்கறதில்ல. இந்தச் சனியன நம்பி எப்படி எடுக்கறது? காஞ்ச கேக் மட்டும் போட்டுக் குடுத்துட்டிருக்கேன். மெக்கானிக் வந்து பாத்துட்டு ஒண்ணுமே இல்லங்கறான். அவனுக்கு என்ன தெரியும்?"

மெக்கானிக்குக் கொடுத்த காசுகூடப் பெரிதில்லை. செய்யாத குற்றத்துக்கு ஒரு ஃப்ரிட்ஜ் கயிற்றில் கட்டுண்டு நிற்க, அதற்குக் காவலாக ஒருத்தி தூக்கத்தைத் தொலைத்துக்கொண்டிருக்கிறாள். நடந்து முடிந்த தவறு என்று காது நினைத்துக்கொண்டு வந்தது, இன்னும் தினம் நடந்துகொண்டிருந்தது.

"அக்கா, ப்ளக் கழண்டு விழல. நாங்க போடல. நான் போடறேன்னு சொல்லிட்டுப் போடாமப் போயிட்டேன்."

"அந்தத் தம்பி சத்தியம் பண்ணினானே?"

காது ஹெட்போனை நீட்டினாள். அக்கா அதைத் தலைகீழாக மாட்டப் பார்த்து, பிறகு சரியாக மாட்டினாள். தன் குரலைக் கேட்டதும் ஒரு கணம் புருவம் உயர்ந்தது. அப்புறம் அந்த முகத்தில் ஒவ்வொன்றாக எல்லாம் இறங்கியது. சாவி திரும்புகிற சத்தம்வரை கேட்டுவிட்டுத்தான் கழற்றினாள். மேசையில் இருந்த கத்தியை எடுத்தாள். காது ஓரடி பின்னால் போனாள். அக்கா ஃப்ரிட்ஜ் பக்கம் போய் நைலான் கயிற்றை அறுத்தாள். கயிறு ஆணியில் தொங்கியது.

"போ" என்றாள் திரும்பாமலே. "இப்ப உன் மூஞ்சியப் பாக்க எனக்குப் புடிக்கல."

காது போனாள். மறுநாள் மறுபடியும் வந்தாள். கதவு திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் வந்தாள். எதிர் வீட்டுக்காரர், "என்னம்மா, வாடகைக்கு வீடு பாக்கறியா?" என்று கேட்குமளவுக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்டு ஆகிவிட்டது, இனி என்ன வேண்டும் என்று அவளுக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்த அக்காவின் படத்தைத் தவிர வேறு எந்தப் படத்திலும் தன் கை படாது என்பதில் ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு நாள் ஜன்னல் திறந்தது.

"அந்தச் சத்தியவான எங்க? மூணு பேரும் சேர்ந்துதான அணைச்சீங்க? மூணு பேரும் வாங்க."

டைரக்டருக்கு அன்று திடீரென்று காய்ச்சல் வந்துவிட்டது. காது அவன் வீட்டுக்கே போனாள். அவன் தொப்பி இல்லாமல் கதவைத் திறந்தான். தொப்பி இல்லாமல் அவன் ரொம்பச் சின்னப் பையன் மாதிரி இருந்தான்.

"அவங்க மூஞ்சிய எப்படிப் பாக்கறது? நான் பயத்துல சொல்லிட்டேன். நீ மாட்டிக்குவியேன்னும்தான் சொன்னேன்" என்றான்.

"தெரியும். எனக்காகவும்தான் சொன்ன. அதனாலதான் கூப்பிட வந்தேன். இல்லன்னா உன்ன உன் பூனைங்களோட விட்டுட்டுப் போயிருப்பேன். சட்டைய மாத்திட்டு வா."

அக்கா மூவரையும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். அந்தப் பேச்சை இங்கே எழுத முடியாது. டைரக்டர் நடுவில் ஏதோ விளக்கம் சொல்லப் போய் இன்னும் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டான். முடித்துவிட்டு, மூச்சு வாங்கியபடி, "இப்ப என்ன வேணும் உங்களுக்கு?" என்றாள்.

"படத்த முடிக்கணும்க்கா" என்றாள் காது. "இதையும் சேர்த்து."

"எதச் சேர்த்து? இடிஞ்ச கேக்கக் காட்டினா எவன் எங்கிட்ட ஆர்டர் குடுப்பான்? உனக்குப் படம், எனக்குப் பட்டினியா?"

நியாயமான கேள்வி. டைரக்டர் காதைப் பார்த்தான். காது நெட்டையைப் பார்த்தாள். "அத நான் எடுக்கவே இல்லக்கா" என்றான் நெட்டை.

"கேக்கக் காட்டல. நான் போடறேன்னு சொன்னது, போடாமப் போனது, அது மட்டும்தான். என் குரல்தான்க்கா."

"உன் குரல்தான? போறது உன் மானம்தான? அப்ப எனக்கென்ன, வச்சுக்கோ" என்றாள் அக்கா. அன்றைக்கு அவள் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

மறுபடியும் பேட்டிக்கு உட்கார்ந்தபோது ஃப்ரிட்ஜை அணைக்கலாமா என்று கேட்க மூவருக்கும் நா எழவில்லை. அக்காவே, "நிறுத்திக்கோங்க, ஆனா இந்தத் தடவ எனக்கு உங்க வாய் வேணாம், அடகு வேணும்" என்றாள். காதுக்கு அப்பாவின் சட்டைப் பை ஞாபகம் வந்தது. அணைத்தவர் கையில் சாவி. சரி, ஆனால் அப்பாவே சாவியோடு வீட்டுக்குப் போனவராயிற்றே? சாவி பையில் இருந்தால் மறக்கும். மறந்துவிட்டுக் கிளம்பவே முடியாத இடத்தில் இருக்க வேண்டும். அவள் தன் வீட்டுச் சாவியை எடுத்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்தாள். நெட்டை தன் செல்போனை வைத்தான். டைரக்டர் குனிந்து ஷூவைக் கழற்றத் தொடங்கினான்.

"அடேய்! கேக் வைக்கற எடத்துல ஷூவாடா வைக்கற?" என்று அக்கா போட்ட சத்தம் காதின் அப்பாவுக்கே கேட்டிருக்கும். அக்கா எடுத்து நீட்டிய ஒரு டப்பாவில் அவன் பைக் சாவி போய்ச் சேர்ந்தது.

பேட்டி முடிந்ததும் ப்ளக்கைப் போட்டது காது. போடும்போது கருவி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று நெட்டையிடம் கொடுத்துவிட்டுப் போட்டாள். ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு உறுமத் தொடங்கியது. மூவரும் அதைச் சற்று நேரம் நின்று கேட்டார்கள்.

வெட்டி ஒட்டுகிற வேலையில் அடிதடியே நடந்தது. தான் அழகாக வைத்த கோணங்கள் போய்விட்டன என்று டைரக்டர் இரண்டு தடவை ராஜினாமா செய்தான், இரண்டு தடவையும் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தான். காது விட்டுக்கொடுத்தவை நிறைய. பேட்டியில் அவள் உயிராக நினைத்த நல்ல இடங்களைக்கூட டைரக்டர் வெட்டச் சொன்னபோது வெட்டினாள். சில இடங்களில் அவன் சொன்னதுதான் சரியாக இருந்தது, அதை ஒப்புக்கொள்ளத்தான் பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. ஆனால் ஓர் இடத்தில் மட்டும் அவள் அசையவில்லை. உறுமல் நின்ற பிறகு அந்த ஒரு நிமிட அமைதி முழுதாக வர வேண்டும், திரை கருப்பாக இருக்க வேண்டும்.

ஆசிரியை பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம் கருப்பா, சத்தமே இல்லாமலா? மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைப்பாங்க. மார்க் குறையும்" என்றார்.

"குறையட்டும் மேடம்" என்றான் டைரக்டர். காது அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

கல்லூரி அரங்கில் படம் போட்ட அன்று அக்கா தன் தங்கையோடு வந்திருந்தாள். காதின் அப்பாவும் அம்மாவும் முன் வரிசையில் உட்கார்ந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கப் பேசினார்கள். காது அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் அக்காவின் கைகள் மாவு கலக்கின, ஏப்ரன் கதை வந்தது, அரங்கம் சிரித்தது. பிறகு அந்த மதியம் வந்தது. போட்டுடுவீங்கல்ல? நான் பாத்துக்கறேன்க்கா, போட்டுடறேன். திரை கருத்தது. ஒலிபெருக்கியில் ஒன்றுமே இல்லை.

முதலில் யாரோ இருமினார்கள். ஒருவர் பின்னால் இயந்திரத்தைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் அரங்கமே அடங்கியது. காதின் அம்மாகூடப் பேச்சை நிறுத்தினாள். அவ்வளவு பேரும் ஒரு வெற்று அறைக்குள் நின்றுகொண்டு, யாராவது எதையாவது செய்ய மாட்டார்களா என்று காத்திருந்தார்கள்.

அக்காவுக்கு எல்லாம் தெரியும். அவள் ஒப்புக்கொண்டதுதான், கேட்டதுதான், பார்த்ததுதான். ஆனாலும் அந்த இருட்டில் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள்.

"ஃப்ரிட்ஜு! ஐயோ, யாராவது அந்த ஃப்ரிட்ஜப் போடுங்க!"

காது அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போட்டாச்சுக்கா" என்றாள். "நான் போட்டுட்டேன். உக்காருங்க."

அக்கா உட்கார்ந்தாள். ஒலிபெருக்கியில் அந்தப் பழைய ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு உறுமத் தொடங்கும்வரை, பிடித்த கையைக் காது விடவில்லை.